குறடு கடைசியில்தான் வந்தது

ரங்கூன்

அன்புள்ள கூட்டாளிக்கு,

கடைவாய்ப் பல் குடைகிறது, டாக்டரிடம் போக நெஞ்சு வரவில்லை என்று எழுதியிருந்தாய். நானும் அதே கட்சிதான். ஆனால் முந்தாநாள் என் ஞானப்பல் போயே போய்விட்டது. கீழ்த்தாடையில் சாய்ந்து முளைத்து, பக்கத்துப் பல்லை முட்டிக்கொண்டு கிடந்த சனியன். எத்தனை வருடம் கிராம்பை அதக்கியே ஓட்டினேன்!

நாற்காலியில் உட்கார்ந்ததும் கண் போனது அந்தத் தட்டுக்குத்தான். சின்ன வயதில் தட்டான் பட்டறையில் பார்த்தோமே, அதே மாதிரி குறடும் கம்பியும். உள்ளங்கை வேர்த்துவிட்டது. சயாமா (பெண் டாக்டரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்; நம் மகள் வயதுதான் இருக்கும்) அதைக் கவனித்துவிட்டு, ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். ஒன்றுக்கு எலிவேட்டர் என்று பெயராம். பார்க்க ஸ்க்ரூடிரைவர் மாதிரி. பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே அதை நுழைத்து நெம்பினால், வேரைப் பிடித்திருக்கும் நார்கள் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கும். பெரும்பாடு படுவது அதுதான். நான் நடுங்கிய குறடு கடைசியில் வந்து, ஆடிப்போன பல்லை வாங்கிக்கொண்டு போகிறது, அவ்வளவுதான்.

ஊசி போட்டதும் நெஞ்சு படபடவென்று அடித்தது. சரி, பயத்திலேயே போகப்போகிறேன் என்று நினைத்தேன். மரத்துப்போகப் போடும் லிக்னோகெயினோடு அட்ரினலினும் கலந்திருக்கிறதாம். ரத்தக்குழாயைச் சுருக்கி, மருந்தை அங்கேயே நிறுத்திவைக்க. படபடப்பு அதன் வேலை, சீக்கிரம் அடங்கும் என்றார். அடங்கியது. பாதிப் பயம் என்னுடையதே இல்லை, பார்!

"வலிக்காது, ஆனால் அமுக்குவது தெரியும்" என்றும் முதலிலேயே சொல்லிவிட்டார். சொல்லாவிட்டால் அந்த அமுக்கலையே வலி என்று கத்தியிருப்பேன். பல்லை இரண்டாக வெட்டிய டிரில் சத்தம்தான் மோசம். தாடை எலும்பு வழியாக ஏறி, மண்டைக்குள் அரிசி மில் ஓடுகிறது.

வலித்தால் இடது கையைத் தூக்கச் சொல்லியிருந்தார். ஒரு முறை தூக்கினேன். வலித்து அல்ல, நிஜமாகவே நிறுத்துகிறாரா என்று பார்க்கத்தான். நிறுத்தினார்.

இப்போது மூன்று தையல். ஸ்ட்ராவில் உறிஞ்சக்கூடாது, துப்பக்கூடாது. குழியில் உறைந்த ரத்தம் பெயர்ந்தால் எலும்பு வெளியே தெரிந்து உயிர் போகிற வலி வருமாம். துப்பாமல் வெற்றிலை எப்படிப் போடுவது? வீட்டுக்காரி கடைக்காரனிடமே சொல்லிவைத்துவிட்டாள். மொகிங்காவையும் (மீன்சாற்றில் போட்ட நூடுல்ஸ்) ஆறவைத்து, சாற்றை மட்டும் தருகிறாள்.

அப்புறம், உன் பல் எந்தப் பக்கம், மேலா கீழா என்று எழுதவே இல்லையே. எழுது.

உன் பழைய கூட்டாளி