வாடகை நூலகம் தொடங்கும் நண்பருக்கு

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. அச்சகத்தில் முப்பது ஆண்டுகள் மெய்ப்புப் பார்த்து அச்சுப் பிழை திருத்திய நீங்கள், திண்ணையை ஒட்டிய அறையில் வாடகை நூலகம் தொடங்கப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். கடை நடத்திப் பழக்கமில்லாதவனுக்கு இது ஒத்துவருமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கேள்வியைப் படித்ததும் பாரிசில் 'ஷேக்ஸ்பியர் அண்டு கம்பெனி' புத்தகக் கடையை நடத்திய சில்வியா பீச் அம்மையார்தான் என் நினைவுக்கு வந்தார்.

1887-இல் பால்டிமோரில் ஒரு பாதிரியாரின் மகளாகப் பிறந்த அவரும் கடை நடத்திப் பழகியவர் அல்லர். முதல் உலகப் போர்க் காலத்தில் பிரான்சின் துரேன் பகுதியில் பண்ணை வேலை செய்தார். பிறகு செஞ்சிலுவைச் சங்கத்தோடு செர்பியாவுக்குச் சென்று, போரில் நொந்த மக்களுக்கு உடைகளையும் துவாலைகளையும் பகிர்ந்தளித்தார். 1919 நவம்பரில் தாய் அனுப்பிய மூவாயிரம் டாலர் சேமிப்பை முதலாகக் கொண்டு கடையைத் திறந்தார். ஏற்கெனவே பிரெஞ்சுப் புத்தகக் கடை நடத்திவந்த ஆத்ரியென் மோனியே என்ற தோழிதான் தொழிலின் நெளிவுசுளிவுகளைக் கற்றுக்கொடுத்தார். இரண்டே ஆண்டுகளில் அவருடைய கடைக்கு எதிரிலேயே, ஓதியோன் தெருவில், சில்வியா இடம் பிடித்தார்.

உங்களைப் போலவே அவரும் புத்தகங்களை வாடகைக்குக் கொடுத்தார். ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஓர் அட்டை. எடுத்த நூலின் பெயரும் நாளும் அதில் ஏறும். அந்த அட்டைகள் இன்றும் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. 1921-இல் முதன்முறை வந்த இளைஞர், பின்னாளில் புகழ்பெற்ற அமெரிக்க எழுத்தாளரான ஹெமிங்வேயிடம் முன்பணம் கட்டக் காசில்லை. பிறகு கொடுத்தால் போதும் என்று சொல்லி, வேண்டிய நூல்களை எடுத்துப்போக விட்டாராம். சில்வியாவின் புகழ்பெற்ற செயல்களுக்கெல்லாம் மேலாக நான் மதிப்பது இதைத்தான்.

அமெரிக்காவில் ஆபாசம் என்று வழக்குக்குள்ளான, அயர்லாந்து எழுத்தாளர் ஜேம்ஸ் ஜாய்ஸின் 'யுலிசிஸ்' நாவலை 1922 பிப்ரவரி 2 அன்று, ஆசிரியரின் நாற்பதாம் பிறந்தநாளில், ஆயிரம் படிகளாக வெளியிட்டவரும் அவரே. உங்கள் பழைய தொழிலை எண்ணிப் பார்த்தால், அந்த அச்சு வேலையின் பாடு உங்களுக்கே நன்றாக விளங்கும்: தீஜோன் நகரத்து அச்சகத்தில் ஆங்கிலம் அறியாத பிரெஞ்சுத் தொழிலாளர்கள் கையால் எழுத்துக் கோக்க, ஆசிரியரோ ஒவ்வொரு மெய்ப்பின் ஓரத்திலும் புதுப்புது வரிகளை எழுதிச் சேர்த்துக்கொண்டே இருந்தார். அவர் விரும்பிய மெய்ப்புகளையெல்லாம் கொடுங்கள் என்று சில்வியா அச்சகத்தாரிடம் சொல்லிவிட்டார். செலவு ஏறியபோதும் தடுக்கவில்லை.

சில்வியாவுக்குக் கவிதையில் மிகுந்த ஈடுபாடு உண்டு. அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மனைச் சந்தித்த அவருடைய தாயின் சகோதரி, கவிஞரின் இசைவோடு குப்பைக்கூடையிலிருந்து எடுத்துவந்த கையெழுத்துத் தாள்கள் கடைச் சுவரில் தொங்கின. பக்கத்தில் ஆங்கிலக் கவிஞரும் ஓவியருமான பிளேக்கின் ஓவியங்கள். ஆங்கிலக் கவிஞர் டி.எஸ். எலியட்டின் கவிதை ஒன்றை மோனியேயுடன் சேர்ந்து பிரெஞ்சில் பெயர்த்தார். பின்னாளில் பிரெஞ்சுமொழிக் கவிஞர் ஆன்ரி மிஷோவின் ஆசியப் பயண நூலை ஆங்கிலமாக்கினார். தென்னிந்தியாவையும் இலங்கையையும் பற்றிய பகுதிகள் அதில் உண்டு என்பதால் உங்களுக்கும் பிடிக்கும். கோடையில் பிரான்சின் சவாய் மலைச் சிற்றூருக்குச் சென்று தங்குவது அவருக்குப் பெருவிருப்பம்.

இரண்டாம் உலகப் போரில் பாரிஸ் ஜெர்மனியின் பிடியில் இருந்த 1941-இல், ஜெர்மானிய அதிகாரி ஒருவர் ஜாய்ஸின் இறுதி நாவலைக் கேட்டபோது, விற்க மறுத்தார். கடையைப் பறிமுதல் செய்வோம் என்று மிரட்டியதும், நண்பர்களோடு சேர்ந்து சில மணி நேரத்தில் எல்லா நூல்களையும் மாடிக்கு ஏற்றி, பெயர்ப்பலகையையும் வண்ணம் பூசி மறைத்துவிட்டார். மறு ஆண்டு ஜெர்மானியர் அவரைப் பிடித்து ஆறு மாதம் தடுப்பு முகாமில் வைத்தார்கள். கடையைப் பிறகு அவர் திறக்கவேயில்லை. அதை எண்ணும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

இங்கே யாவரும் நலம். கண் அறுவைக்குப் பின் எனக்கு எழுத்து தெளிவாகத் தெரிகிறது. உங்கள் முதல் உறுப்பினர் அட்டையில் என் பெயரை எழுதிவையுங்கள். முன்பணத்தைத் தை மாதம் நேரில் வந்து தருகிறேன்.

என்றும் அன்புடன்,
உங்கள் நண்பன்