ஒளி வந்தாலும் சதை எடுக்கத்தான் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை உங்கள் அறிவியல் பக்கத்தில், அகச்சிவப்பு ஒளியைக் கொண்டு புற்றுநோய்ச் செல்லையும் நல்ல செல்லையும் பிரித்தறியலாம் என்று ஒரு செய்தி வந்திருந்தது. செய்தியில் தப்பு இல்லை. தலைப்புதான் வினை. 'இனி கத்தி வேண்டாம், ஒளியே போதும்' என்று போட்டிருந்தீர்கள். அந்தத் தலைப்பு கேரள எல்லையோரத்தில் இருக்கும் எங்கள் களியக்காவிளையில் செய்த வேலையைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி ஒரு அக்கா இருக்கிறார். முப்பது வருஷம் அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், வேலை பார்த்தவர். வாயில் வெற்றிலையும் புகையிலையும் இல்லாமல் அவரை நான் பார்த்ததில்லை. இரண்டு மாதமாக இடது கன்னத்தின் உள்பக்கம் எரிச்சல். மீன்குழம்பு பட்டால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். பல் டாக்டர் பார்த்துவிட்டு, வெள்ளைத் திட்டு இருக்கிறது, நடுவில் சிவந்தும் இருக்கிறது, திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் ஆஸ்பத்திரியில் கொஞ்சம் சதை எடுத்து டெஸ்ட் பண்ணிவிடுங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். கத்தி பட்டால் நோய் படரும் என்பது எங்கள் பக்கத்தில் பாட்டி காலத்துப் பேச்சு. அது உண்மையில்லை என்று நானும் மனைவியும் பத்து நாள் பேசி, ஒருவழியாக அவரைச் சம்மதிக்க வைத்திருந்தோம். ஞாயிறு மத்தியானம் உங்கள் பேப்பரை மடித்துக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். "சாறே, லைட் அடிச்சே பாத்துரலாமாமே. அந்த மிஷின் வரட்டும், பொறவு போவோம்."

நான் கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். அவர் சொன்ன மிஷினின் அண்ணன் தம்பி ஒன்றோடு பத்தொன்பது வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன். கன்னத்தில் டார்ச் அடிப்பது மாதிரி அடித்துப் பார்த்துவிடுகிற காரியமாக இருந்தால், நானே முதல் ஆளாக அவரைக் காத்திருக்கச் சொல்லியிருப்பேன்.

1800இல் வில்லியம் ஹெர்ஷெல், முப்பட்டகத்தில் பிரிந்த வெயிலின் நிறங்களில் ஒவ்வொன்றாகத் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தார். சிவப்பைத் தாண்டி, கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத இடத்தில் சூடு கூடுதலாக ஏறியது. அதுதான் அகச்சிவப்பு. ஒரு பொருள் மேல் இதைச் செலுத்தினால், பொருளுக்குள் இருக்கும் அணுப்பிணைப்புகள் தங்கள் அதிர்வுக்கு ஒத்துவரும் பங்கை மட்டும் விழுங்கிக்கொள்ளும். எந்த இடத்தில் எவ்வளவு விழுங்கியது என்று மேடு மேடாக வரைந்து காட்டுவதுதான் மிஷினின் வேலை. செல்லை வைத்தால், சென்டிமீட்டருக்கு இத்தனை அலை என்ற கணக்கில், 1650, 1550 பக்கம் புரதம் தெரியும். 1240, 1080 பக்கம் டி.என்.ஏ.யில் இருக்கும் பாஸ்பேட். 1030 பக்கம் கிளைக்கோஜன், அதாவது செல் சேமித்து வைத்திருக்கும் மாவு.

ஓயாமல் பெருகும் நோய்ச் செல்லுக்கு உட்கரு பெருத்துவிடும், பல இடங்களில் அந்த மாவும் குறைந்துபோகும். கருப்பை வாயில் டாக்டர்கள் அயோடின் தடவிப் பார்ப்பது இதே கணக்கில்தான். நல்ல இடம் பழுப்பாகும், மாவு இல்லாத இடம் மஞ்சளாக நிற்கும். 1991இல் வோங் என்பவரும் கூட்டாளிகளும் கருப்பை வாய்ச் செல்களை அகச்சிவப்பில் பார்த்து, மேடுகள் மாறுவதை அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் வெளியிட்டார்கள். நோயைப் பிடித்துவிட்டோம் என்ற நம்பிக்கை அப்போது பலருக்கு வந்தது. அப்புறம் பார்த்தால், ரத்தம் கலந்தாலும் மேடு மாறுகிறது, சளி கலந்தாலும் மாறுகிறது, அழற்சியில் வந்து சேரும் வெள்ளணுக்களாலும் மாறுகிறது. கிளைக்கோஜனோ மாதவிலக்குச் சுழற்சியில் எந்த நாள் என்பதைப் பொறுத்தே ஏறி இறங்குகிறது. புற்றுநோய்க்கென்று தனி மேடு கிடையாது. எல்லாரிடமும் இருக்கும் மேடுகளில் வரும் சின்னச் சின்ன ஏற்ற இறக்கத்தை, ஏராளமான மாதிரிகளோடு கணினியில் ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும்.

சின்ன விஷயம் இந்த மிஷினை எப்படி ஏமாற்றும் என்பதற்கு என் அனுபவம் ஒன்று. பொட்டாசியம் புரோமைடு உப்பை அகேட் கல் உரலில் மாவாக அரைத்து, பார்க்க வேண்டிய பொருளில் ஒரு துணுக்கைச் சேர்த்து, அச்சில் வைத்து அழுத்தினால் கண்ணாடி மாதிரி ஒரு சின்ன வில்லை வரும். ஜூன் மாதத்து இடவப்பாதி மழை தொடங்கிவிட்டால் அது கண்ணாடியாக வராது. காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடித்துப் பால் தெளித்த மாதிரி வெளுத்துவிடும். புரோமைடு டப்பா இருந்த அலமாரிக்குள் 40 வாட் பல்பு ஒன்றை இரவும் பகலும் எரியவிட்டுத்தான் சமாளித்தோம். ஒருநாள் 2350இல் புரியாத ஒரு மேடு எழுந்தது. வில்லையை மூன்று தரம் மாற்றினேன், மேடு போகவில்லை. கடைசியில் திரும்பிப் பார்த்தால், மூடி திறந்திருந்த மிஷின் மேல் குனிந்து நான்கு பையன்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் விட்ட மூச்சிலிருந்த கார்பன் டை ஆக்சைடுதான் அந்த மேடு. பையன்கள் சிரித்தார்கள், எனக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

உடம்புச் சதை என்றால் பாடு இன்னும் அதிகம். தண்ணீர் 1640 பக்கத்தில் பலமாக விழுங்குவதால் புரதத்தின் மேட்டையே மறைத்துவிடும். அதனால் பெரும்பாலும் சதையை மெல்லிய சீவலாகச் சீவி உலர்த்தித்தான் வைக்கிறார்கள். சாதாரணக் கண்ணாடித் தகடும் ஒளியில் பெரும்பங்கைத் தின்றுவிடும் என்பதால், கால்சியம் ஃபுளோரைடு மாதிரியான தகடு வேண்டும். ஆக, அக்கா பயப்படுகிற அந்தத் துண்டுச் சதை இந்த மிஷினுக்கும் வேண்டியதுதான். அறுக்காமல் உடம்புக்குள்ளேயே பார்க்கும் கருவிகளுக்கு ஆராய்ச்சி நடக்கிறது, நடக்கட்டும். இன்றைக்கு ஆஸ்பத்திரியில் முடிவு சொல்வது, சாயம் ஏற்றிய சீவலை மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும் நோயியல் டாக்டர்.

இந்த ஆராய்ச்சியைக் குறைத்துச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். ஸ்காட்லாந்தில் ஸ்ட்ராத்கிளைடு பல்கலைக்கழகத்தார் துளி ரத்தநீரை உலர்த்தி அகச்சிவப்பில் பார்த்து, மூளைக்கட்டி இருக்கலாம் என்று சந்தேகப்படுகிறவர்களில் யாரை முதலில் ஸ்கேனுக்கு அனுப்புவது என்று சொல்லப் பார்க்கிறார்கள். 2019இல் அதைப் பற்றிக் கட்டுரை வந்தது. வரிசையில் யார் முன்னால் என்று சொல்வதே பெரிய உதவிதான். ஆனால் அங்கேயும் ஸ்கேன் ஸ்கேன்தான்.

உங்கள் நிருபர் எல்லையைத் தாண்டி ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் போயிருந்தால் இன்னொரு செய்தி கிடைத்திருக்கும். 1996இல் தொடங்கி, திருவனந்தபுரம் மாவட்டத்தில் 13 பஞ்சாயத்துகளை எடுத்துக்கொண்டு ஆர்.சி.சி.காரர்கள் ஒரு ஆய்வு நடத்தினார்கள். ஏழு பஞ்சாயத்துகளில் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய், 35 வயது தாண்டியவர்களை வாயைத் திறக்கச் சொல்லிக் கண்ணால் பார்த்தார்கள். மற்ற ஆறில் வழக்கம்போல விட்டார்கள். 2005இல் 'லான்செட்' இதழில் முடிவு வந்தது. புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே, பார்க்கப்பட்ட பஞ்சாயத்துகளில் வாய்ப்புற்றுநோய்ச் சாவு சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைவு. அவர்கள் பார்த்தது எங்கள் அக்கா வாயிலிருப்பது போன்ற திட்டுகளைத்தான்.

ஆகையால், அகச்சிவப்புப் பரிசோதனை, சதை எடுத்துப் பார்க்கும் பயாப்சிக்குப் பதில் இல்லை, டாக்டர் எழுதிக் கொடுத்த டெஸ்டை யாரும் தள்ளிப்போட வேண்டாம் என்று, தலைப்பு வந்த அதே பக்கத்தில், கண்ணில் படும் அளவு எழுத்தில் ஒரு திருத்தம் போடுங்கள். பன்னிரண்டாம் பக்கத்தின் அடியில் போட்டால் பிரயோஜனமில்லை. வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குத் திருவனந்தபுரம் தம்பானூர் போகும் பஸ்ஸுக்கு அக்காவைக் கூட்டிக்கொண்டு போவதாக இருக்கிறோம், வருவாரா என்பது இன்னும் நிச்சயமில்லை. வியாழக்கிழமைக்குள் திருத்தம் வந்தால் பேப்பரைக் கொண்டுபோய்க் காட்டுவேன். நான் வாயால் சொன்னதைவிட அச்சில் வந்ததைத்தான் அவர் நம்புகிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்,
களியக்காவிளை