வயிற்றை மூடும் முறையைப் பற்றியும் முன்னாலேயே பேசுங்கள்: அறுவை மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய டாக்டர்களுக்கு,

நடுவயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்தபின், தழும்பை ஒட்டி என் அம்மாவுக்குப் புடைப்பு வந்தது. இருமினால் வெளியே தள்ளும், படுத்தால் உள்ளே போகும். தைத்த இடம் பலவீனமாகி உள்ளிருப்பது பிதுங்கும் இதைத்தான் ஹெர்னியா என்கிறார்கள். "கனமாக ஏதாவது தூக்கியிருப்பீங்க" என்றார்கள். தண்ணீர்க் குடம் தூக்கியதுதான் காரணம் என்று அம்மா இன்னமும் தன்னையே நொந்துகொள்கிறார். எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். வயிற்றை எப்படி மூடினார்கள் என்பதற்கும் இதில் பங்கு உண்டு என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை.

2017-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த பிரிமா ஆய்வு உங்களுக்குத் தெரிந்திருக்கும். உடல் எடை கூடியவர்கள், வயிற்று மகாதமனி (பெரிய ரத்தக்குழாய்) வீங்கியவர்கள் என ஆபத்து அதிகமுள்ள 480 பேர் அதில் இருந்தார்கள். வெறும் தையல் போட்டவர்களில் 30 சதவீதம் பேருக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் ஹெர்னியா வந்தது. மூடும்போதே தசையைப் போர்த்திய உறைக்கு மேல் மெஷ் (தாங்கிப் பிடிக்கும் வலை) வைத்துத் தைத்தவர்களில் அது 13 சதவீதம், தசைக்குப் பின்னால் வைத்தவர்களில் 18. மேலே வைத்தால் பாதிக்கும் மேல் குறைகிறதென்றால் அது சின்ன விஷயமா?

எல்லோருக்கும் மெஷ் வையுங்கள் என்று கேட்கவில்லை. மேலே வைத்தவர்களில் 18 சதவீதம் பேருக்கு அந்த இடத்தில் நீர் கோத்தது. தையல் மட்டும் போட்டவர்களில் அது சுமார் 5 சதவீதம்தான். குடல் ஓட்டையாகி சீழ் பிடித்த வயிற்றில் என்ன செய்வது என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் திட்டமிட்டுச் செய்யும் ஆபரேஷனில், பருமனான ஒருவரிடம் கையெழுத்து வாங்கும்போது "உங்களுக்கு ஹெர்னியா வர வாய்ப்பு அதிகம், மெஷ் வைக்கலாமா" என்று கேட்க எவ்வளவு நேரம் ஆகும்?

மெஷ் வேண்டாம் என்றாலும் சரி, தையலையாவது நெருக்கமாகப் போடுங்கள். நெதர்லாந்தில் நடந்த ஸ்டிச் ஆய்வில், 1 செ.மீ. இடைவெளிக்குப் பதிலாக 5 மி.மீ. இடைவெளியில் தைத்தபோது ஓராண்டில் ஹெர்னியா 21 சதவீதத்திலிருந்து 13-ஆகக் குறைந்தது. கூடுதலாக ஆனது சுமார் 4 நிமிடம். பல மணி நேரம் நின்று களைத்தபின் அந்த 4 நிமிடமும் பாரம்தான், தெரியும். அதனால்தான் இவ்வளவு அழுத்திக் கேட்கிறேன்.

அப்புறம், எந்த நூல், எவ்வளவு நெருக்கம், மெஷ் வைத்தீர்களா, எந்த அடுக்கில் என்பதை டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதிக் கொடுங்கள். பின்னால் ஹெர்னியா வந்து வேறொரு டாக்டர் அதே வயிற்றைத் திறக்க நேர்ந்தால், அவருக்கு முதலில் தேவைப்படுவது அந்த விவரம்தான்.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் மகள்