இரவு ஷிப்ட் முடிந்து சாப்பிடும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

போன மாதம் பட்டர்வொர்த்தில் நடந்த கல்யாணத்துக்கு நீ வரவில்லை. ஓவர்டைம் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறாய். அவரும் நம்பிவிட்டார். எனக்கென்னவோ, ஜிப்பா இப்போது உனக்கு ஏறவில்லை என்று தோன்றுகிறது. பந்தியில் உட்கார்ந்தால் யாராவது "என்ன தம்பி, மறுபடியும் உடம்பு போட்டுட்டியே" என்பார்கள், அதற்குப் பயந்துதான் வரவில்லை. தப்பாக இருந்தால் என்னைத் திட்டிக்கொள்.

உன்னை இளைக்கச் சொல்லி இதை எழுதவில்லை. அதைச் சொல்ல ஊரே இருக்கிறது. "எனக்கு மனக்கட்டுப்பாடே இல்லக்கா" என்று நீ சொல்கிறாயே, அதைத்தான் என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. தைப்பூசத்துக்கு விரதமிருந்து, பினாங்குத் தண்ணீர்மலைக் கோயிலின் ஐந்நூற்றுச் சொச்சம் படிகளைக் காவடியோடு ஏறியவன் நீ. கட்டுப்பாடு இல்லாதவன் செய்கிற காரியமா அது?

அந்த விரதத்தில் இளைத்தாய். எல்லாரும் புகழ்ந்தார்கள். தீபாவளிக்குள் இளைத்ததெல்லாம் வட்டியோடு திரும்பி வந்துவிட்டது. உனக்கு மட்டும் நடப்பதில்லை இது. அமெரிக்காவில் டிவி எடை குறைப்புப் போட்டி ஒன்றில் கலந்துகொண்ட 14 பேரை, 6 வருஷம் கழித்துச் சோதித்துப் பார்த்தார்கள். 2016இல் வந்தது அந்த ஆய்வு. பெரும்பாலானவர்களுக்கு எடை திரும்ப ஏறியிருந்தது. அதைவிட எனக்கு வியப்பு, சும்மா உட்கார்ந்திருக்கும்போது அவர்களுடைய உடம்பு எரித்த சக்தி. அந்த எடையில் இருக்கும் ஒருவர் எரிக்க வேண்டியதைவிட, நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவு. நம் கணக்கில் சொன்னால் ஒன்றரை ரொட்டி சானாய்க்கு மேல். பக்கத்தில் இருப்பவன் சாப்பிடும் அதே சாப்பாட்டைச் சாப்பிட்டாலும் உனக்கு ஏறும், அவனுக்கு ஏறாது.

ஆஸ்திரேலியாவில் 2011இல் வந்த இன்னொரு ஆய்வில், 10 வாரம் கடுமையான டயட்டில் இளைத்தவர்களின் ஹார்மோன்களைப் பார்த்தார்கள். பசியைக் கிளப்பும் கிரெலின் ஒரு வருஷம் கழித்தும் கூடுதலாகவே இருந்தது. போதும் என்று மூளைக்குச் சொல்லும் லெப்டின் குறைந்தே கிடந்தது. நம் பாட்டியை நினைத்துக்கொள். போரில் மலாயாவைப் பிடித்த ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளிக்கிழங்கைத் தின்று பிழைத்தவர், அப்புறம் சாகும்வரை அரிசி டின்னைப் பாதிக்குக் கீழே இறங்க விட்டதே இல்லை. உடம்பும் அந்த ஜாதிதான். பஞ்சம் வந்ததென்று ஒருமுறை நம்பிவிட்டால் லேசில் மறக்காது.

சரி, உன் வேலைக்கு வருகிறேன். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு பன்னிரண்டு மணி நேரம் நின்றுகொண்டே வேலை. காலையில் பஸ் இறக்கிவிடும் இடத்தில் நாசி கண்டார் கடை, சோறும் கறிக்குழம்பும். "பஞ்சிர்" என்று சொல்லிவிட்டால் குழம்பு தட்டு நிறைய மிதக்கும். கூடவே கட்டிப்பால் ஊற்றி ஆற்றிய டீ, தே தாரிக். ருசிக்காக மட்டும் நீ அங்கே போவதாக எனக்குத் தோன்றவில்லை. அந்த நேரத்தில் உன்னிடம் "சாப்பிட்டியா" என்று கேட்க ரூமில் ஆள் இல்லை. கடைக்காரர் கேட்கிறார். நல்ல மனுஷர்தான், கறியும் கொஞ்சம் கூடப் போடுகிறார்.

தூக்கமும் சேர்ந்துகொள்கிறது. சிகாகோவில் ஆரோக்கியமான இளைஞர்களை இரண்டு ராத்திரி வெறும் 4 மணி நேரம் மட்டும் தூங்கவிட்டுப் பார்த்தார்கள், 2004இல் வந்த ஆய்வு அது. கிரெலின் 28 சதவீதம் ஏறியது, லெப்டின் 18 சதவீதம் இறங்கியது. அவர்கள் கேட்டதெல்லாம் இனிப்பும் மாவும் உப்பும்தான். இரண்டு ராத்திரிக்கே இப்படி என்றால் நீ எத்தனை வருஷமாக இந்த ஷிப்டில் இருக்கிறாய்!

அதனால் சாப்பாட்டைக் குறைக்கும் முன்னால் தூக்கத்தைப் பார் என்பேன். ஜன்னலுக்குத் தடித்த திரை போடு. போனை அணைத்து வை. பசியோடு வேலை முடிக்காதே. விடியற்காலை இடைவேளையில் முட்டையோ கொண்டைக்கடலையோ சாப்பிட்டுவிட்டால், காலையில் கடைக்குள் நுழைகிறவன் கொஞ்சம் நிதானமானவனாக இருப்பான். கடைக்கே போகாதே என்று சொல்ல மாட்டேன். பாலும் சர்க்கரையும் இல்லாத தே ஓ கோசோங் குடித்துக்கொண்டும் அவரோடு பேசலாம்.

சித்தி வாட்ஸ்அப்பில் விற்கும் அந்த இளைக்கும் காப்பியை மட்டும் தொடாதே. இந்த மாதிரிப் பொருள்களில் சிபுட்ராமின் கலந்திருப்பதை நம் மலேசியச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. மாரடைப்பு, பக்கவாத ஆபத்து என்று 2010இலேயே அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விற்பனையை நிறுத்திய மருந்து அது. சித்தி கோபித்துக்கொண்டால் என்னிடம் அனுப்பு.

இன்னொன்றை எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை, நேராகவே கேட்கிறேன். வயிறு நிறைந்த பிறகும் நிறுத்த முடியாமல், யாரும் பார்க்காமல், வேகவேகமாகச் சாப்பிட்டுவிட்டு அப்புறம் உன்மேலேயே அருவருப்பு வருகிறதா? அடிக்கடி நடந்தால் டாக்டரிடம் சொல். அது ஒரு நோயாகவே 2013இல் மனநல மருத்துவர்களின் கையேட்டில் ஏறிவிட்டது. அதற்கு முறையான சிகிச்சை இருக்கிறது. பட்டினி கிடந்தால் அது இன்னும் மோசமாகும்.

அரசாங்க கிளினிக்கில் ஒரு ரிங்கிட்தான். சர்க்கரை, கொழுப்பு, இரத்த அழுத்தம் மூன்றையும் பார்த்துவிடலாம். நம் அப்பாவுக்குச் சர்க்கரை இருந்ததை முதலிலேயே சொல்லிவிடு. சத்துணவு ஆலோசகரைப் பார்க்கவும் அனுப்பச் சொல். எடை இறங்காவிட்டாலும் இந்த எண்கள் இறங்கினால் எனக்குப் போதும். உனக்கு ஓய்வு நாள் எது என்று சொல், நான் லீவு போட்டுக்கொண்டு வருகிறேன். வெறும் வயிற்றில்தான் இரத்தம் எடுப்பார்கள், அதனால் முதல் நாள் ராத்திரி பத்து மணிக்கு மேல் பச்சைத் தண்ணீர் மட்டும்தான். எடுத்து முடித்ததும் தோசை என் கணக்கு.

அன்புடன்,
அக்கா