சிலுவை வெட்டவில்லை

அன்புள்ள செல்விக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். காரின் முன் கண்ணாடிக்கு ஒரு சிவப்புச் சிலுவை ஸ்டிக்கர் கேட்டிருந்தாய். வெட்டவில்லை. அது டாக்டருக்கான அடையாளமே இல்லை, அம்மாடி. போர்க்களத்தில் காயம்பட்டவனைத் தூக்க வருகிறவர்களைச் சுடாதே என்று காட்ட, 1864இல் ஜெனீவாவில் முடிவு செய்தது. கண்டவர்களும் போடக்கூடாது என்று நம் நாட்டில் 1960இலேயே சட்டம் வந்துவிட்டது. ஊரில் பாதி கிளினிக் போர்டில் அதுதான் இருக்கிறது என்பது வேறு விஷயம்.

இத்தனை வருஷம் ஸ்டிக்கர் கடையில் உட்கார்ந்ததில் எனக்குப் பிடிபட்டது ஒன்றுதான். என்ன ஒட்டுகிறார்கள் என்பதைவிட, எங்கே ஒட்டச் சொல்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். முன் கண்ணாடியில் ஒட்டுவதெல்லாம் போலீஸ்காரர் படிக்கத்தான். பால் வியாபாரி ஒருவர் வந்து ‘பிரஸ்’ கேட்டார். எந்தப் பத்திரிகை என்றேன். “பத்திரிகை எதுக்குண்ணே, பிரஸ்னு இருந்தா போதும்” என்றார். சித்தப்பா எஸ்.ஐ. என்பதற்காக ‘போலீஸ்’ கேட்கிறவனும் உண்டு.

கட்சிக் கொடியும் பெரும்பாலும் அந்த வகைதான். பானெட்டில் கம்பி நட்டுவிட்டால் டோல்கேட்டில் குரல் தானாக ஏறுகிறது. மனசாரக் கொடி கட்டுகிறவர் இல்லாமல் இல்லை. அவர் வண்டி டிவிஎஸ் எக்ஸெல்லாக இருக்கும். கட்சி தோற்ற மறுநாளும் கொடி அதில் இருக்கும். ஜெயித்த வாரம் என் கடைக்கு வருகிற கூட்டம் வேறு. தேசியக் கொடியைக் காரில் பறக்கவிட ஜனாதிபதி, ஆளுநர், அமைச்சர், நீதிபதி என்று ஒரு பட்டியலே இருக்கிறது. எம்.எல்.ஏ.வுக்குக்கூட அதில் இடமில்லை. ஆகஸ்ட் 15 அன்று அதை யார் பார்க்கிறார்கள்!

பின் கண்ணாடி, பின்னால் வருகிறவனுக்கு. பிள்ளைகள் பெயர், குலதெய்வம், ‘அம்மா அப்பா ஆசி’ எல்லாம் அங்கேதான். செப்டம்பர் 11இல் இமானுவேல் சேகரன் நினைவு நாளுக்குப் பரமக்குடிக்கும் அக்டோபர் 30இல் தேவர் ஜெயந்திக்குப் பசும்பொன்னுக்கும் போகிறவர்கள் தலைவர் படம் கேட்பார்கள். இரண்டு பக்கத்தாருக்கும் வெட்டித் தருவேன். கூடவே அரிவாள் வேண்டும், வாள் வேண்டும் என்று ஆரம்பித்தால் மெஷின் ரிப்பேர் என்று சொல்லிவிடுவேன். அது தலைவருக்கு மரியாதை இல்லை, பின்னால் வருகிற ஒருத்தனுக்கு விடுகிற சவால். உன் மாமா இதை வியாபாரம் தெரியாத புத்தி என்கிறார். இருக்கட்டும்.

ராத்திரி அவசரக் கேஸுக்குப் போகும்போது நிறுத்துகிறார்கள் என்கிறாய். ஆஸ்பத்திரி அடையாள அட்டையைக் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்துக்கொள். ஸ்டிக்கரைப் பார்த்து விடுகிற காலம் போய்விட்டது. ஊரில் எல்லோரும் ஒட்டிவிட்டார்களே, எதை நம்புவார்கள்? உங்கள் சென்னையில் 2024 மே மாதத்திலிருந்தே இந்த ஸ்டிக்கர்களைப் பிடிக்கிறார்கள். நம்பர் பிளேட்டில் எதையாவது ஒட்டினால் முதல் தடவை 500 ரூபாய், அடுத்த தடவை 1,500.

அப்புறம், பின்னால் ‘அழகர் துணை’ போட்டே ஆகவேண்டும் என்று அம்மா நிற்கிறாள். அதை மட்டும் வெட்டித் தருகிறேன். கண்ணாடி அகலத்தை அளந்து அனுப்பு. வைப்பர் ஓடுகிற இடத்தில் ஒட்டினால் ஒரே மழையில் ஓரம் தூக்கிக்கொள்ளும். கீழே நாலு விரல் விட்டு அளந்துகொள்.

அன்புடன்,
அப்பா