அரசு ஊதியம் பெறும் பணிக்கு மதச் சான்று எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சமய நிறுவனங்கள் நடத்தும் கல்விக்கூடங்களில் சமயத்தோடு தொடர்பில்லாத பணிகளுக்கும் விண்ணப்பதாரரின் மதத்தைப் பார்க்கும் வழக்கம் பற்றி எழுதுகிறேன். சேலத்திலும் ஏற்காட்டிலும் கிறிஸ்தவ சபைகள் தொடங்கிய பள்ளிகளால் பல தலைமுறைகள் தலையெடுத்தன. அந்த நன்றியை நான் மறக்கவில்லை. ஆயினும், மலையில் பிறந்து வளர்ந்த மலையாளி பழங்குடிப் பெண்ணான என் முன்னாள் மாணவி, பி.எட். முடித்து, நிதியுதவி பெறும் பள்ளி ஒன்றில் கணித ஆசிரியர் இடத்துக்கு விண்ணப்பித்தபோது, பங்குத்தந்தையின் கடிதம் இல்லை என்பதற்காக நேர்காணலுக்குக்கூட அழைக்கப்படவில்லை. அந்தப் பணிக்கான ஊதியமோ அரசுக் கருவூலத்திலிருந்து வருவது.

அரசுப் பணியில் மதத்தின் பேரில் எவரையும் ஒதுக்கக் கூடாது என்கிறது அரசியல் சாசனத்தின் 16(2) பிரிவு. சிறுபான்மையினர் தம் கல்வி நிறுவனங்களை நிறுவி நிர்வகிக்கும் உரிமையை 30(1) காக்கிறது. ஆசிரியரைத் தெரிவு செய்வதும் அதில் அடங்கும். அந்த உரிமையைப் பறிக்கச் சொல்லவில்லை. ஆனால், கல்வித் தரத்துக்காகவும் பணியாளர் நலனுக்காகவும் நியாயமான விதிகளை அரசு வகுக்கலாம் என்பதை 2002-ல் டி.எம்.ஏ. பாய் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகள் கொண்ட அமர்வும் ஏற்றுக்கொண்டிருக்கிறது.

இது ஒரு மதத்தார் மீது மட்டும் வைக்கும் குறை அன்று. சென்னை கொளத்தூரில் கபாலீசுவரர் கோயில் சார்பில் தொடங்கப்பட்ட கல்லூரிக்கு 2021-ல் ஆள் எடுத்தபோது, இந்துக்கள் மட்டுமே விண்ணப்பிக்கலாம் என்று அறிவித்தார்கள். அலுவலக உதவியாளர் பணிக்கு விண்ணப்பிக்க விரும்பிய இஸ்லாமியர் ஒருவர் வழக்குத் தொடுத்தார். பணியாளர்கள் இந்துக்களாக இருக்க வேண்டும் என்னும் 1959-ஆம் ஆண்டின் அறநிலையத் துறைச் சட்டத்தின் 10-வது பிரிவையும், சமய நிறுவனப் பதவிகளுக்கு விலக்களிக்கும் அரசியல் சாசனத்தின் 16(5)-ஐயும் காட்டி, உயர் நீதிமன்றம் 2024-ல் அவர் மனுவைத் தள்ளுபடி செய்தது. தீர்ப்பை மதிக்கிறேன், ஆனாலும் கோப்புகளை எடுத்துக் கொடுக்கும் வேலைக்கு எந்த நம்பிக்கை தேவைப்படுகிறது என்று என்னால் விளங்கிக்கொள்ள முடியவில்லை.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களில் ஒன்றுக்கு உண்மையான கனம் உண்டு. கிறிஸ்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிடர்களுக்கு, 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையால் பட்டியல் சாதித் தகுதி கிடைக்காமல் போகிறது. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோராகவே கணக்கிடப்படுகிறார்கள். திருச்சபைப் பள்ளியின் வேலைதான் அவர்களில் பலருக்கு மிஞ்சியிருக்கும் நம்பிக்கை. சீக்கியருக்கு 1956-லும் பௌத்தருக்கு 1990-லும் திருத்தப்பட்ட அந்த ஆணையை இவர்களுக்காகவும் திருத்துவதே நேரான வழி. அந்த அநீதிக்கு ஈடாக, அதே அளவு வறுமையில் இருக்கும் மலைவாழ் பெண்ணின் வாய்ப்பைக் கொடுப்பது நியாயமாகாது.

அருட்பணியாளர், மறைக்கல்வி ஆசிரியர், அர்ச்சகர், ஓதுவார் போன்ற பணிகளுக்கு மதத்தை நிபந்தனையாக்குவதை யாரும் மறுக்க மாட்டார்கள். பணியின் தன்மைக்கு உண்மையிலேயே தேவைப்பட்டால் மட்டுமே திருச்சபை நிறுவனம் மதத்தை நிபந்தனையாக்கலாம், அத்தேவையை நீதிமன்றம் பரிசோதிக்கலாம் என்று 2018-ல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் ஜெர்மனி வழக்கொன்றில் கூறியது. அதே அளவுகோலைப் பள்ளிக் கல்வித் துறை நிதியுதவி விதிகளில் சேர்க்கலாம்: அரசு ஊதியம் வழங்கும் ஒவ்வொரு காலிப் பணியிடமும் வெளிப்படையாக விளம்பரம் செய்யப்பட வேண்டும்; மதத்தைக் கேட்கும் நிர்வாகம் அதற்கான காரணத்தை எழுத்தில் தர வேண்டும்; நிராகரிக்கப்பட்டவர் மாவட்டக் கல்வி அலுவலரிடம் முறையிட வழி இருக்க வேண்டும். அடுத்த கல்வியாண்டுக்கான நியமனங்கள் தொடங்குவதற்கு முன்பே துறை இதைச் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற பட்டதாரி ஆசிரியர்,
அஸ்தம்பட்டி, சேலம்.