மலேரியா: தடுப்பூசியோடு முடியும் வேலையல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆபிரிக்கக் குழந்தைகளுக்கான மலேரியாத் தடுப்பூசி பற்றித் தங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஊசி வந்துவிட்டது, இனிக் கவலையில்லை என்று வாசகர்கள் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

2023இல் மலேரியாவுக்குப் பலியானோர் சுமார் 597,000 பேர் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவர்களில் நூற்றுக்கு 95 பேர் ஆபிரிக்கப் பிராந்தியத்தினர். அங்கே இறப்பவர்களில் நாலில் மூவர் ஐந்து வயது நிரம்பாத பிள்ளைகள். ஒக்ஸ்போர்ட் ஆய்வாளர்கள் உருவாக்கி, புனேயில் தயாராகும் ‘ஆர் 21’ ஊசி ஒன்றின் விலை நான்கு டொலருக்கும் குறைவு. பெரிய சாதனைதான். ஆனால் நான்கு ஊசி போட வேண்டும். கடைசி ஊசி, மூன்றாவது போட்டு ஏறக்குறைய ஓராண்டு கழித்து. சுகமாக ஓடியாடித் திரியும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாய் மறுபடி நடக்க வேண்டும். போய்ச் சேரும் இடத்தில் ஊசி போட ஆளும், குளிர்ப்பெட்டியில் மருந்தும் இருக்க வேண்டும்.

இடையில் விட்டால் என்னவாகும் என்பதற்கு நம் நாடே சாட்சி. 1963இல் இலங்கை முழுவதிலும் பதிவான நோயாளர் வெறும் 17 பேர். மருந்து தெளிப்பை நிறுத்தினோம், கண்காணிப்பும் தளர்ந்தது. 1968–69இல் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் காய்ச்சலில் விழுந்தார்கள். பிறகு வன்னியில் வளர்ந்த எங்களுக்குத் தெரியும்: சட்டி பானைகளை முற்றத்தில் எடுத்து வைத்துவிட்டு, சுவரெல்லாம் மலத்தியன் என்ற நுளம்புக்கொல்லி அடிக்க விடுவோம், அந்த நாற்றம் நாள்கணக்கில் போகாது. காய்ச்சல் என்றால் விரலில் குத்திக் கண்ணாடித் தகட்டில் இரத்தம் எடுப்பார்கள். போர் நடந்தபோதும் இரு தரப்புப் பகுதிகளிலும் அந்த ஊழியர்கள் வேலையை விடவில்லை. அதனால்தான் 2012க்குப் பின் நம் நாட்டில் மலேரியா மறுபடி வேரூன்றவில்லை. 2016இல் மலேரியா அற்ற நாடு என்ற சான்றிதழும் கிடைத்தது.

2025 தொடக்கத்தில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தியபோது பல ஆபிரிக்க நாடுகளில் நுளம்பு வலை, பரிசோதனை, மருந்து விநியோகம் தடைப்பட்டன. ருவாண்டா, உகண்டா, தன்சானியாவில், மலேரியாவுக்கு முக்கியமாகத் தரப்படும் ஆர்ட்டிமிசினின் மருந்துக்கே கிருமி பணிய மறுக்கத் தொடங்கியிருக்கும் நேரம் இது. புதிய மருந்துக்கான ஆராய்ச்சிப் பணத்தில் கை வைக்கும் காலமா?

தங்கள் இதழ் இந்த நிதி வெட்டு பற்றியும் தொடர்ந்து எழுத வேண்டும். நம் மலேரியாத் தடை இயக்கத்தில் ஓய்வுபெற்ற களப்பணியாளர்களைத் தேடிப்பிடித்து அவர்களின் அனுபவங்களையும் வெளியிடுங்கள். அவர்கள் கைக்கொண்ட முறைகளை ஆபிரிக்க நாடுகளுடன் பகிர்ந்துகொள்ள நம் சுகாதார அமைச்சும் முன்வர வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
வவுனியா